ஹீலா செல்களுக்கு சீரத்தை நிறுத்தியும் ஜி1-இல் நிற்கவில்லை, ஏன்?

பிப்பெட்:
சீரம் (வளர்ச்சித் தூண்டிகள் உள்ள இரத்த நீர்) கொடுத்தால் இ.ஆர்.கே (வளர்ச்சிச் சிக்னலைக் கடத்தும் நொதி) தூண்டப்படும், சைக்ளின் டி1 (செல் பிரிவை முடுக்கும் புரதம்) ஏறும், செல் ஜி1-ஐத் (டி.என்.ஏ நகலாவதற்கு முந்தைய கட்டம்) தாண்டி எஸ் கட்டத்துக்குள் (டி.என்.ஏ நகலாகும் கட்டம்) நுழையும். இதைப் படிப்படியாகக் காட்டுவதுதான் திட்டம். ஹீலா செல்களை 0.1% சீரத்தில் 48 மணி நேரம் பட்டினி போட்டு, பிறகு 10% கொடுத்தேன். ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி) பார்த்தால் பட்டினி போட்ட தட்டிலும் எஸ் கட்டச் செல்கள் குறையவில்லை, செத்த செல்கள்தான் கூடியிருக்கின்றன. வெஸ்டர்னில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பாஸ்போ இ.ஆர்.கே (பாஸ்பேட் ஏறித் தூண்டப்பட்ட இ.ஆர்.கே) பட்டை 0 நிமிடத்திலேயே, அதாவது சீரம் கொடுக்கும் முன்பே தெரிகிறது. பால்போசைக்ளிப் (சி.டி.கே 4/6 நொதிகளைத் தடுக்கும் மருந்து) 1 மைக்ரோமோலார் போட்டும் நிற்கவில்லை. மருந்து கெட்டுவிட்டதா? பட்டினியை 72 மணி நேரமாக்கலாமா?

ஜி1 காவலன்:
மருந்து கெடவில்லை. செல் தேர்வுதான் தப்பு. 72 மணி ஆக்கினால் சாவுதான் கூடும்.

இ.ஆர்.கே சைக்ளின் டி1-ஐ ஏற்றுகிறது. சைக்ளின் டி1 சி.டி.கே 4/6-உடன் சேர்ந்து, செல்லை ஜி1-இல் பூட்டிவைக்கும் ஆர்பி புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதுவரை ஆர்பியின் பிடியில் இருந்த இ2எஃப் என்ற புரதம் விடுபட்டு, எஸ் கட்ட மரபணுக்களை இயக்குகிறது. ஹீலா என்பது 1951-இல் எடுத்த கருப்பைவாய்ப் புற்று. அதில் எச்பிவி 18 என்ற பாப்பிலோமா வைரஸின் மரபணுக்கள் இன்றும் வேலை செய்கின்றன. வைரஸின் இ7 புரதம் ஆர்பியைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது, இ6 அதேபோல் பி53 என்ற காவல் புரதத்தை. மேலே சிக்னல் அணைந்தாலும் கீழே பூட்டே கிடையாது. பால்போசைக்ளிப் செய்வது ஆர்பியில் பாஸ்பேட் ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. ஆர்பியே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

ஹீலாவை நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் இரட்டைத் தைமிடின் (டி.என்.ஏ-வின் கூறான தைமிடினை மிகையாக இரு முறை கொடுப்பது): 2 மில்லிமோலார் 18 மணி, இரண்டு முறை கழுவி 9 மணி விடுப்பு, மறுபடி 2 மில்லிமோலார் 17 மணி. ஆனால் அது டி.என்.ஏ-வுக்கான மூலப்பொருளை முடக்கி ஜி1/எஸ் எல்லையில் நிறுத்துகிறது. சீரம் முடிவு செய்யும் இடம் அதற்கு முன்பே தாண்டிப்போயிருக்கும், ஆகவே உங்கள் கேள்விக்கு உதவாது. ஆர்.பி.இ1 (மனித விழித்திரை நிறமி) செல்களுக்கு மாறுங்கள்.

பட்டை பார்ப்பவர்:
ஆர்.பி.இ1 பற்றி ஒரு திருத்தம். பால்போசைக்ளிப்புக்கு அது அருமையான செல், ஆர்பி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதில் இ.ஆர்.கே-யைக் கிளப்பும் கே-ராஸ் மரபணுவில் மாற்றம் உண்டு, எனவே 0 நிமிடத்தில் இ.ஆர்.கே பட்டை மறுபடியும் தொல்லை தரும். சீரம் சோதனைக்கு 3டி3 (எலியின் நார்த்திசுச் செல்) எடுங்கள். கன்றுச் சீரம் 10%-இல் வளர்த்து, 0.5%-இல் 24 முதல் 48 மணி. தட்டு நிறையும் முன்பே தொடங்கவேண்டும். நெருங்கி வளர்ந்தால் நெருக்கத்தாலேயே நின்றுவிடும், சீரம் நிறுத்தியதா நெருக்கம் நிறுத்தியதா என்று தெரியாது.

0 நிமிடப் பட்டைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மீடியம் மாற்றுவதே இ.ஆர்.கே-யைச் சிறிது நேரம் கிளப்பிவிடும். மீடியத்தை 37 டிகிரியில் கார்பன்-டை-ஆக்ஸைடு இன்குபேட்டரிலேயே வைத்திருந்து ஊற்றுங்கள். சீரம் இல்லாத மீடியத்தை மட்டும் மாற்றிய ஒரு தட்டு கட்டாயம் வேண்டும்.

புரதத்தில் ஏறிய பாஸ்பேட் கழன்றுவிடாமல் இருக்க, செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஃபுளோரைடு 10 மில்லிமோலார், ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார். வனடேட்டை பி.எச் 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் போய் நிறமற்றதாகும்வரை கொதிக்கவைக்கவேண்டும். இ.டி.டி.ஏ அல்லது டி.டி.டி (டைதயோத்ரைட்டால்) சேர்த்தால் வனடேட் செயலிழக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வெஸ்டர்ன் சவ்வைப் பிளாக் செய்ய (எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமல் மூட) பால்பொடி வேண்டாம், அதிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பி.எஸ்.ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) 5% போதும்.

பிப்பெட்:
நன்றி. 10 நிமிடத்தில் இ.ஆர்.கே உச்சம் தொட்டபின் எம்.இ.கே (இ.ஆர்.கே-யைத் தூண்டும் நொதி) தடுப்பானைச் சேர்த்தால் செல் எஸ் கட்டத்துக்குப் போய்விடுமா?

ஜி1 காவலன்:
போகாது. அந்த முதல் உச்சம் மட்டும் போதாது. சைக்ளின் டி1-இன் அரை ஆயுள் ஏறக்குறைய அரை மணிதான், சிக்னல் தொடர்ந்து இருந்தால்தான் அது தேங்கும். யு0126 என்ற எம்.இ.கே தடுப்பானை 10 மைக்ரோமோலாரில் 1, 4, 8, 12-ஆம் மணிகளில் தனித்தனித் தட்டுகளில் சேருங்கள். எந்த மணிக்குப் பின் சேர்த்தால் பலனில்லையோ, அதை ஒட்டித்தான் ஆர்தர் பார்டி 1974-இல் சொன்ன கட்டுப்பாட்டுப் புள்ளி (அதைத் தாண்டினால் சீரம் இல்லாமலே செல் எஸ் கட்டத்துக்குப் போகும்). டி.எம்.எஸ்.ஓ (தடுப்பானைக் கரைக்கும் திரவம்) மட்டும் போட்ட தட்டும் வையுங்கள்.

பட்டை பார்ப்பவர்:
ஒன்று விட்டுப்போயிற்று. ஃப்ளோவில் டி.என்.ஏ அளவைக் காட்டும் சாயமான புரோப்பிடியம் அயோடைடால் ஜி0-வையும் (செல் பிரியாமல் ஓய்ந்திருக்கும் நிலை) ஜி1-ஐயும் பிரிக்க முடியாது, இரண்டிலும் டி.என்.ஏ ஒரே அளவு. ஆர்.என்.ஏ-விலும் அது ஒட்டும், ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ-வை வெட்டும் நொதி) போடாவிட்டால் ஜி1 முகடு பரந்துவிடும். இந்தத் தடுப்பான் வரிசைக்கு இ.டி.யு (புதிதாக உருவாகும் டி.என்.ஏ-வில் சேரும் அடையாளப் பொருள்) 10 மைக்ரோமோலாரைச் சீரத்தோடு சேர்த்தே போட்டு 20-ஆம் மணிவரை விடுங்கள். கடைசி ஒரு மணி மட்டும் கொடுத்தால், அதற்குள் எஸ் கட்டத்தைக் கடந்துவிட்ட செல்கள் கணக்கில் வராது.