ருமேனியாவிலிருந்து தத்தெடுக்கும் நாய்: கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு வரலாமா?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்):
வணக்கம். மான்செஸ்டரில் இருக்கும் என் மகளும் மருமகனும், ருமேனியாவில் தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் நாயைக் காணொளியில் மட்டும் பார்த்துத் தத்தெடுக்க முடிவு செய்து, அடுத்த மாதம் வேனில் வரவழைக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மகள் ஐந்து மாத கர்ப்பிணி. பேறுகாலத்துக்கு நானும் அங்கே போகவிருக்கிறேன். காணொளியை எனக்கும் அனுப்பினார்கள். காதில் மஞ்சள் வில்லை மாட்டிய அந்த நாய், பணியாளர் துடைப்பத்தைத் தூக்கியதுமே வாலைக் காலிடுக்கில் நுழைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டியது. பார்க்கவே பாவமாக இருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கடவுச்சீட்டும் வாங்கியாகிவிட்டதால் பயமில்லை என்கிறார்கள். அது போதுமா?

பதில் (ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், அம்பாசமுத்திரம்):
போதாது அம்மா. தடுப்பூசி, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), நாடாப்புழு மருந்து எல்லாம் பிரிட்டனுக்குள் நுழைவதற்குச் சட்டம் கேட்பவை. நாய்க்கு வேறு நோய் இல்லை என்பதற்கு அவை சான்றாகா.

உங்கள் வீட்டு நிலையில் நான் முதலில் கவலைப்படுவது புரூசெல்லா கேனிஸ் என்ற கிருமியைப் பற்றித்தான். நம் ஊரில் கிடேரிக் கன்றுகளுக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி போடுகிறோமே, அந்த நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது இது. ஆனால் நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி கிடையாது. பிரிட்டனில் அரிதாகவே காணப்பட்ட இந்நோய் 2020-க்குப் பின் பெருகியது. கண்டறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை ருமேனியாவிலிருந்து வந்த நாய்களோடு தொடர்புடையவை. கருச்சிதைவின்போதும் குட்டி ஈனும்போதும் வெளிவரும் நீரில் கிருமி மிகுதியாக இருக்கும்; சிறுநீரிலும் இருக்கலாம். மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம் என்றாலும், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டியவர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கிருமி உடலை விட்டு முழுதாக நீங்கியது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் நோய் உறுதியான நாய்களைக் கருணைக்கொலை செய்யும் நிலைகூட வருகிறது. வீட்டுக்குள் வந்து பழகிய பிறகு அந்த முடிவை எடுப்பது எவ்வளவு கொடுமை என்பதை உங்கள் பிள்ளைகள் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில் (தென்காசிக்காரர், லண்டனில் வசிப்பவர்):
அக்கா, டாக்டர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்குள்ள பல கால்நடை மருத்துவமனைகள், இறக்குமதியான நாய்க்கு அறுவை சிகிச்சை செய்யுமுன் புரூசெல்லா பரிசோதனை முடிவைக் கேட்கின்றன; ஆகவே இப்போது தவிர்த்தாலும் பின்னால் அந்தக் கேள்வி வந்தே தீரும். கொசுவால் பரவும் இதயப்புழுவும், உண்ணியால் பரவும் காய்ச்சல்களும் வேறு இருக்கின்றன.

நாயின் சுபாவத்தையும் பாருங்கள். தெருவில் தன் போக்கில் திரிந்த நாய், நாள்கணக்கில் வேனில் அடைபட்டு வந்து இறங்கியதும் மிரண்டு ஓடப் பார்க்கும். துடைப்பத்தைக் கண்டு ஒடுங்கும் நாய், பச்சைக் குழந்தையின் அழுகைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காணொளி காட்டாது. இங்கேயே காப்பகங்களில் வீடில்லாத நாய்கள் எத்தனையோ உண்டு; நேரில் போய்ப் பார்த்து, பழகிய பிறகு எடுத்து வரலாம்.

பதில் (கேள்வி கேட்டவர்):
இருவருக்கும் நன்றி. அந்த நாயின் முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில் (கால்நடை மருத்துவர்):
உண்டு அம்மா. புறப்படும் முன்பே ருமேனியாவில் ரத்தப் பரிசோதனை செய்து, அறிக்கையின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள எண் நாயின் மைக்ரோசிப் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்து, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்குள் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிடும். ஆகவே குழந்தை பிறந்து சில மாதங்கள் கழியும்வரை நாய் ருமேனியாவிலேயே பராமரிப்பில் இருக்கட்டும், அதற்கான செலவை இவர்கள் ஏற்கலாம். இதற்கு நாயைத் தத்துக் கொடுக்கும் அமைப்பு சம்மதிக்குமா என்று வேனுக்குப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.