நட்டுவாக்காலிக்குச் சேலம் வெயிலில் தொட்டி அமைப்பது எப்படி?

தொட்டிப்பிரியன் (சேலம்):
வணக்கம். கருப்பு நட்டுவாக்காலி (பெரிய தேள் வகை), இடுக்கியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய ஒரு சாண். 45×30 செ.மீ. கண்ணாடித் தொட்டி, அடியில் இரண்டு விரல் உயரம் மணல், அதற்குக் கீழே ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு). பகலிலும் பதுங்காமல் கண்ணாடியோரமாகவே சுற்றுகிறது. பூச்சி போட்டால் தொடுவதில்லை. எதை மாற்றவேண்டும்?

சேர்வராயன்:
முதலில் ஹீட் மேட்டை எடுத்துவிடுங்கள். சூடு தாங்காவிட்டால் தேள் கீழ்நோக்கித்தான் தோண்டும். நீங்கள் கீழேயே அடுப்பு வைத்திருக்கிறீர்கள். சுற்றுவதற்கும் சாப்பிடாததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த மேட் எல்லாம் குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்வது. இதற்கு 24 முதல் 30 டிகிரி போதும், சேலத்தில் ஏப்ரல், மே வெயிலைத் தணிப்பதுதான் வேலை. வடக்கு அறையில் தரையிலேயே தொட்டியை வையுங்கள், சுற்றி ஈரச் சாக்கு போடலாம்.

மணலும் வேண்டாம். வளை தோண்டினால் நிற்காது. 15 செ.மீ. ஆழம் நிரப்ப சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும். 650 கிராம் தேங்காய் நார்த்தூள் கட்டி இரண்டை ஊறவைத்து, உப்பு போக அலசி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மருந்தடிக்காத செம்மண் சேருங்கள். கையில் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், ஒரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. உடைந்த மண்சட்டியைச் சாய்வாகப் புதைத்தால் அங்கிருந்தே தோண்ட ஆரம்பிக்கும். தண்ணீரை ஒரு மூலையில் மட்டும் ஊற்றுங்கள்: அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கும். தினமும் தெளித்தால் பூஞ்சையும் உண்ணியும் வரும்.

காபித்தோட்டம் (ஏற்காடு):
மேலே சொன்னது சேலத்துக்குச் சரி. இங்கே மார்கழி இரவில் மேட் தேவைப்படும். பக்கச் சுவரில் ஒட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்து.

சாப்பிடாததைத் தோலுரிப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு சாண் வளர்ந்தது இனி உரிக்காது. வயிறு உப்பியிருந்தால் சினையாக இருக்கலாம். குட்டி போட்டால் முதுகில் சுமக்கும். அப்போது தொட்டியைக் கிளறினால் தாயே தின்றுவிடும். மற்றபடி வாரம் ஒன்றிரண்டு சில்வண்டு போதும், தின்னாததை மறுநாள் எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள்.

மூடிக்குப் பூட்டு உண்டா? கண்ணாடியில் ஏறாது, மூலையில் உள்ள சிலிக்கான் பசையைப் பிடித்து ஏறிவிடும்.

வெள்ளிமலை:
இனத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், இதில் அலட்சியம் கூடவே கூடாது. இடுக்கி தடித்து உடம்பு கறுத்திருந்தால் நட்டுவாக்காலி. கொட்டினால் கடுமையாக வலிக்கும், உயிராபத்து அரிது. இடுக்கி மெலிந்து, வால் தடித்துச் சிவந்திருந்தால் செந்தேள். அதை வீட்டில் வைக்கவே கூடாது. அது கொட்டி வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் நேரே அரசு மருத்துவமனைதான், பிரசோசின் மாத்திரை கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம்.

சேர்வராயன் மலைக் காப்புக்காட்டில் இன்னொன்று பிடித்து ஜோடி சேர்க்கும் எண்ணமும் வேண்டாம். இடம் மாற்றும்போது கையால் தூக்காதீர்கள், டப்பாவைக் கவிழ்த்து அட்டையை அடியில் செருகுங்கள். அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே எதுவும் கூடாது, தேளையும் கொல்லும்.