பழைய ஸ்டூடியோ படம்: உடையையும் தலையலங்காரத்தையும் வைத்து ஆண்டு சொல்ல முடியுமா?

கேள்வி

கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம், ஓரங்கள் அலை அலையாகக் கத்தரித்தவை. நாற்காலியில் கோட்டு, வேட்டி, கிராப்புத் தலையுடன் ஒருவர். அருகில் பஃப் கை ரவிக்கையில் முப்பது வயதுப் பெண், மடியில் கைக்குழந்தை. பின்னால் பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண்: கையோடு ஒட்டிய குட்டைக் கை ரவிக்கை, மெல்லிய புடவை, முன்னால் எடுத்துவிட்ட ஒற்றைச் சடை. ஓரத்தில் ரவிக்கை இல்லாமல் வெள்ளைப் புடவையில் மூதாட்டி. பின்புறம் ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், முகவரி 'மதராஸ்-17' என்று முடிகிறது. வீட்டில் எல்லாரும் 1938 என்கிறார்கள். சரிதானா?

பதில் 1

1938 ஆக இருக்க வாய்ப்புக் குறைவு. கோட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஸ்டூடியோவிலேயே கோட்டும் டையும் மாட்டி வைத்திருப்பார்கள். தோள் தையல் கைக்கு இறங்கியிருந்தாலோ, கைநுனி விரல்வரை வந்தாலோ அது இரவல் கோட்டுதான். மூதாட்டியை வைத்தும் ஆண்டு சொல்ல முடியாது. இளமையில் பழகிய உடையைக் கடைசிவரை மாற்றாதவர்கள் ஏராளம்.

கல்யாண வயதை ஒட்டிய பெண்ணைப் பாருங்கள். புதுத் தையல் முதலில் அவளிடம்தான் வரும். பஃப் கை 1940-களிலும் 50-களின் முதல் பாதியிலும் பரவலாக இருந்தது. ஒட்டிய குட்டைக் கை 50-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் அதிகம். மூத்தவள் பழைய தையலில், இளையவள் புதிய தையலில் என்றால் என் கணிப்பு 1955-1962. ஊர்ப்புறக் குடும்பமானால் சில ஆண்டுகள் கூட்டிக்கொள்ளுங்கள். பஃப் கையை மட்டும் தனியாக நம்ப வேண்டாம், 80-களில் அது திரும்பி வந்தது.

பதில் 2

அந்த மெல்லிய புடவை நைலான் என்று உறுதியானால் 1938 அடியோடு போய்விடும். நைலானை உலகுக்கு அறிவித்ததே அந்த ஆண்டில்தான். அமெரிக்கக் கடைகளுக்குக் காலுறையாக அது பரவலாக வந்தது 1940-இல். ஆனால் மெல்லியதெல்லாம் நைலான் இல்லை. வாயில் (voile) என்ற மெல்லிய பருத்தித் துணியும் ஜார்ஜெட்டும் அதற்கு முன்பே உண்டு. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கொசுவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நைலான் உப்பி நிற்கும், கசங்கிய கோடு தெரியாது. வாயில் என்றால் மடிந்த இடமெல்லாம் சுருக்கம் விழும். ஜார்ஜெட் உடம்போடு வழியும்.

நிறத்தை ஊகிக்கும்போதும் கவனம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அரக்குக் கூறைப்புடவையும் குங்குமமும் அதில் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். கறுப்புப் புடவை, ஆகவே துக்க வீடு என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

ஸ்டாம்ப் பற்றி: ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். 'மதராஸ்-17' என்று ஊர்ப்பெயரோடு தபால் எண்ணைச் சேர்த்து எழுதுவது அதற்கு முந்தைய முறை. பழைய ஸ்டாம்ப்பையே இன்னும் சில வருஷம் குத்தியிருக்கவும் கூடும்.

பதில் 3

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்டாம்ப் காட்டுவது தாளின் வயதை, உடை காட்டுவது படம் எடுத்த நாளை. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பழைய படத்தைக் கொண்டுபோய் அதையே திரும்பப் படம் எடுத்து வாங்குவது அன்று சகஜம். கண்டுபிடிக்க வழி உண்டு. சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்போ கீறலோ கண்ணுக்குத் தெரிந்து, தாளில் மேடுபள்ளமே இல்லை என்றால் அது படத்தின் படம். இமை மயிர், ஜரிகைக்கரை எல்லாம் குழைந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். மடிப்புக் கோடு இல்லை, ஜரிகை கட்டங்கூடத் தெளிவாக இருக்கிறது. கொசுவம் உப்பித்தான் நிற்கிறது.

பதில் 1

அப்படியானால் மூலப்படம்தான். இனி அந்தக் கைக்குழந்தைதான் துருப்பு. பிடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் ஏழெட்டு மாதம் இருக்கும். குடும்பத்தில் 1954 முதல் 1962 வரை பிறந்தவர்களை எழுதி, மடியில் குழந்தை வைத்திருக்கும் பெண்ணின் பிள்ளை யார் என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழ் தேதியை நம்பாதீர்கள், சேர்க்கைக்காக மாற்றிக் கொடுத்த தேதிகள் நிறைய. ஜாதகம் இருந்தால் அதைப் பாருங்கள். கிடைத்த ஆண்டைப் படத்தின் பின்னால் ஓரமாக, மென்மையான பென்சிலில் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முகத்தின் மேல் வடுவாக எழும்பிவிடும்.