'மக்கு' என்று கூப்பிடுவது தப்பு என்று எட்டாம் வகுப்புக்கு எப்படிப் புரிய வைப்பது?

சாக்பீஸ்:
வணக்கம். என் வகுப்பில் ஒரு பையனை எல்லோரும் 'மக்கு' என்றே கூப்பிடுகிறார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்டித்தால் "சும்மா விளையாட்டுக்கு டீச்சர்" என்கிறார்கள். பாதிப் பேருக்கு நிற அட்டை குத்திவிட்டு ஒரு நாள் முழுக்க ஒதுக்கி வைத்து, அப்புறம் பேசலாமா என்று யோசிக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

முன்வரிசை:
இது ஜேன் எலியட் என்ற ஆசிரியை செய்தது. 1968 ஏப்ரலில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்தார், ஒரு நாள் ஒரு நிறம் உசத்தி, அடுத்த முறை மற்றது. பின்னால் அதே பாடத்தைப் படம் பிடித்தபோது, கழுத்துப்பட்டை மாட்டி அன்றைக்கு மட்டம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ஒரு கட்டு வாசிப்பு அட்டையை முடிக்க ஐந்தரை நிமிடம் எடுத்தார்கள். பட்டை கழன்ற மறுநாள் அதே பிள்ளைகளுக்கு இரண்டரை நிமிடம்தான் ஆனது! இதை வகுப்பில் சொல்லுங்கள், ஆனால் அப்படியே செய்து பார்க்காதீர்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் மனம் உடைந்தார்கள், கைகலப்பு வரை போனது. உங்கள் பையன் ஏற்கெனவே அடிபட்டவன், அட்டை அவன் கைக்கே வந்தால் என்ன செய்வீர்கள்?

கரும்பலகை:
நான் வேறு பக்கமிருந்து கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து கிளம்பியது? விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்கிறோம், 'இவனுக்கு ஏறாது' என்று பெற்றோரிடம் அவன் காதுபடவே சொல்கிறோம், பிள்ளைகள் அதைத்தான் சுருக்கி ஒரு வார்த்தையாக்குகிறார்கள். ரோசன்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1968ல் வெளியிட்ட ஆய்வில், குருட்டாம்போக்கில் சில பெயர்களைப் பொறுக்கி 'இவர்கள் நன்றாக வளர்வார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. பெரிய வகுப்புகளில் அவ்வளவாகத் தெரியவில்லை, அதன் கணக்கைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறார்கள், அது வேறு விஷயம்.

செய்முறைக்கு ஒன்று சொல்கிறேன். ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள்: யாராவது உன்னை என்ன சொன்னதால் எதைச் செய்வதை நிறுத்தினாய்? பெயர் வேண்டாம். கையெழுத்து காட்டிக்கொடுக்கும், அதனால் நீங்களே வேறு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். 'குண்டு என்றார்கள், ஓடுவதை விட்டேன்' என்பது போல நிச்சயம் வரும். விளையாட்டுக்கு என்று சொன்ன பையன்களின் சீட்டும் அதில் இருக்கும்.

முன்வரிசை:
நல்ல யோசனை. பெயர் வைத்தவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள் டீச்சர். எல்லோர் முன்னாலும் அவனைக் 'கொடுமைக்காரன்' என்றால் அவனுக்கும் நாம் ஒரு முத்திரை குத்திவிட்டோம்.

சாக்பீஸ்:
சரி, அட்டை யோசனையை விட்டுவிட்டேன். மதிப்பெண் வாசிப்பதையும் இந்த வாரமே நிறுத்துகிறேன். அந்தப் பையன் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தால்?

கரும்பலகை:
வற்புறுத்தவே வேண்டாம். வெறும் தாளைக் கொடுத்தாலும் மற்றவர்களுடையதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.