தபால்காரர் லெட்டர தொலைச்சிடுற பழைய டிவி தொடர், பேரு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

பூண்டுக்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொடைக்கானலுக்கு மேல பூம்பாறை. எங்கப்பா தபால்காரரா இருந்து ரிட்டையர் ஆனவரு, மேல்மலைல ஊர் ஊரா பைய தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தே கொடுத்தவரு, இப்ப முட்டி தேஞ்சு போயி வீட்டோட இருக்காரு. சாயங்காலம் மேகம் எறங்குனா வெளிய போக முடியாது, அடுப்படில கனல் பக்கத்துல உக்காந்து நானும் அவரும் பேசிட்டு இருப்போம், மேல பூண்டு கட்டு கட்டா பொகையில தொங்கும். அப்ப அடிக்கடி ஒரு டிவி கதை சொல்லுவாரு. சின்ன வயசுல இருந்து கேக்குறேன், இது எந்த தொடர்னு எனக்கு தெரியல, அவருக்கும் தெரியல.

கதை இதுதான். ஒரு சின்ன ஊரு, அங்க ஒரு வயசான தபால்காரர், ஊர்ல எல்லா வீட்டுக்கும் வேண்டப்பட்டவரு. ஒரு வீட்டுல பொண்ணுக்கு கல்யாணம். அந்த வீட்டுக்கு வர வேண்டிய சாவு சேதிய தபால்காரர் தொலைச்சிடுறாரு. கல்யாணம் முடிஞ்சப்பறம் அது கைக்கு கெடைக்குது, அந்த வீட்டுக்காரர் முன்னாடி போயி தலைய தொங்கப் போட்டு நிக்கிறாரு. "பாவம்யா அந்தாளு, தொலைச்சதுக்கு எப்படி கூனிக் குறுகி நின்னான் தெரியுமா"ன்னு முடிப்பாரு அப்பா, ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதான் முடிப்பாரு.

அந்த கதைய பாத்ததுல இருந்து தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் தபால் பைய திண்ணைல தலகீழா கவுத்து ஒதறுவாரு. தையல் மடிப்புக்குள்ள வெரல விட்டு தடவிப் பாப்பாரு, ஏதாவது கார்டு சிக்கியிருக்கான்னு. நான் பக்கத்துலயே நிப்பேன், பைக்குள்ள இருந்து ரப்பர் பேண்டு விழுந்தா அது எனக்கு.

அவருக்கு ஞாபகம் இருக்கிற மத்த விஷயம், பாத்தது பஞ்சாயத்து டிவில, 87 இல்ல 88. பாஷை புரியல. ஆரம்பத்துல கோட்டுப்படமா வரையிற மாதிரி வரும், வாயாலயே பாடுற மாதிரி ஒரு ராகம் ஓடும், தானா னா தன னா னா ன்னு அவரே பாடியும் காட்டுவாரு. ஒரு ரயில்வே ஸ்டேஷன் வரும்னாரு. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டணும்.

மூஞ்சிக்கல் எழுதியது:

ரயில்வே ஸ்டேஷன்னா பாலசந்தர் சாரோட ரயில் சிநேகமா இருக்குமோ? ஆனா அது தமிழ், அப்பா பாஷை புரியலன்னு சொல்றாரு, அப்ப அது இல்ல. வருஷமும் ஒத்து வரல. தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்.

பழைய சாலிடேர் எழுதியது:

தங்கச்சி, அந்த ராகத்த நீங்க எழுத்துல போட்டதுமே எனக்கு தெரிஞ்சு போச்சு. அது மால்குடி டேஸ். ஆர்.கே. நாராயண் கதைகள், சங்கர் நாக் இயக்கினது, 80கள்ல தூர்தர்ஷன்ல இந்தில வந்துச்சு. கோட்டுப்படம் நாராயணோட தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைஞ்சது. அப்பா பாடுற ராகம் எல். வைத்தியநாதன் போட்டது, நம்ம ஏழாவது மனிதன் படத்துக்கு மியூசிக் போட்டவரேதான், அதனாலயோ என்னவோ இந்தி தொடரா இருந்தாலும் அந்த சத்தம் நம்ம வீட்டு சத்தம் மாதிரியே இருக்கும்.

நீங்க கேக்குற கதைக்கு பேரு 'தி மிஸ்ஸிங் மெயில்'. தபால்காரர் பேரு தானப்பா. ஆனா ஒண்ணு சொல்லணும், அப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க. அவரு தொலைக்கல. அந்த வீட்டுப் பொண்ணுக்கு ரொம்ப நாளா வரன் அமையாம, தானப்பாதான் கூடமாட யோசனை சொல்லி ஒரு எடம் முடிவாகுது, மாப்பிள்ளை ட்ரெயினிங் போகணும், அந்த முகூர்த்தத்த விட்டா கல்யாணமே இல்ல. அப்ப பாத்து பொண்ணோட அப்பாவுக்கு வேண்டிய பெரியவர் ஒருத்தர் சாகக் கெடக்குறார்னு கார்டு வருது, அப்பறம் தந்தியும் வருது. தானப்பா ரெண்டையும் தெரிஞ்சேதான் தன்கிட்டயே வச்சுக்குறாரு. கல்யாணம் முடிஞ்சப்பறம் கொண்டு போயி கொடுத்து, நான் பண்ணது தப்புதான், நீங்க புகார் கொடுத்தா என் வேலை போயிடும், கொடுக்கிறதுன்னா கொடுங்கன்னு நிக்கிறாரு. பொண்ணோட அப்பா புகார் கொடுக்க மாட்டேன்னுடுறாரு. அப்பா பாத்தது அந்த கடைசி காட்சியத்தான், பாஷை தெரியாததால தொலைச்சுட்டு நிக்கிறார்னு எடுத்துக்கிட்டாரு.

இது அப்பாவுக்கு மட்டும் நடந்தது இல்ல. நாங்க ஆனந்தகிரில இருந்தப்ப தெருவுக்கே ஒரு சாலிடேர் டிவி, மரப்பெட்டில ரெண்டு பக்கம் கதவு இழுத்து பூட்டுற மாதிரி. தமிழ் நிகழ்ச்சி முடிஞ்சு டெல்லி புரோகிராம் ஆரம்பிச்சா பாதிப் பேரு எந்திரிச்சு போயிருவாங்க, மீதி பேரு கதைய மொகத்தப் பாத்தே புரிஞ்சுக்குவோம். ராமாயணம் 1987 ஜனவரில ஆரம்பிச்சப்ப ஞாயித்துக்கிழமை காலைல வீடு நெறஞ்சிரும், ராமாயணம் தெரிஞ்ச கதைங்கிறதால பிரச்சனை இல்ல. மகாபாரதத்துல காலச்சக்கரம் சுத்திக்கிட்டே ஒரு குரல் பேசும் பாருங்க, அதுக்கு மட்டும் லீவுல வந்திருந்த பட்டாளத்துக்கார மாமா ஒருத்தரு அர்த்தம் சொல்லுவாரு, அவரு லீவு முடிஞ்சு போனதும் மறுபடி எங்க சொந்த அர்த்தம்தான். ஆண்டெனா தைலமரக் கம்புல கட்டியிருக்கும், ஆடிக் காத்துல திரும்பிக்கும், நான்தான் ஓட்டு மேல ஏறி திருப்புவேன், கீழ இருந்து வருது வருது, போச்சுன்னு சத்தம் போடுவாங்க. மேல குளிர்ல வெரல் மரத்துப் போயி கம்பு புடிச்சிருக்கமா இல்லையான்னே தெரியாது. நான் கீழ எறங்குறதுக்குள்ள பாதி எபிசோடு முடிஞ்சிருக்கும், தடங்கலுக்கு வருந்துகிறோம்னு அட்டை போட்டுட்டா மொத்தமும் போச்சு.

மால்குடிய எடுத்தது கர்நாடகால ஆகும்பேல. மழையும் மூடுபனியுமா நம்ம ஊரு மாதிரியே இருக்கும், எனக்கு ரொம்ப நாளைக்கு அது கொடைக்கானல் பக்கத்துலதான் எங்கயோ எடுத்ததுன்னு நெனப்பு. சுவாமியா வந்த பையன் மாஸ்டர் மஞ்சுநாத், அவனோட அப்பாவா கிரீஷ் கர்னாட். சங்கர் நாக் 1990ல ஒரு கார் விபத்துல போயிட்டாரு, 35 வயசு. அந்த வயசுக்குள்ள இப்படி ஒண்ண பண்ணிட்டு போயிருக்காருன்னு நெனைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது. யூடியூப்ல தேடுனா கிடைக்கும், அப்பாவுக்கு போட்டுக் காட்டுங்க.

வாட்டில்காட்டு பேத்தி எழுதியது:

அப்பா பாத்தது தூர்தர்ஷன்தானா, நல்லா கேட்டுப் பாருங்க அக்கா. கொடைக்கானல் டவர் வர்றதுக்கு முன்னாடி நம்ம மலைல பல வீட்டுல ஓடுனது இலங்கை ரூபவாஹினிதான், அது 1982லயே ஆரம்பிச்சது, கடல் தாண்டி உசரத்துக்கு நேரா வந்து விழும், மழைக்காலத்துல போயிரும். மால்குடி சிங்களத்துல டப் பண்ணியும் ரூபவாஹினில வந்திருக்கு, எங்க அம்மாச்சி சொல்லுவாங்க.

அம்மாச்சி பொறந்தது இலங்கைல தேயிலைத் தோட்டத்துல. சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தம் போட்டப்பறம் அனுப்பி விட்டதுல இங்க வந்து, வாட்டில் மரத்துல பட்டை உரிக்கிற வேலைக்கு போனாங்க. அந்த வேலைல பட்ட கஷ்டத்த பத்தி அதிகம் பேச மாட்டாங்க. ஆனா ராத்திரி முதலாளி வீட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னு ரூபவாஹினி பாத்தத சொல்லும்போது மொகமே மாறிடும். ஜப்பான் தொடர் ஓஷின் அதுல வந்துச்சாம், ஏழைப் பொண்ணு சின்ன வயசுலயே வேற வீட்டுக்கு வேலைக்கு போற கதை. கூட நிக்கிற பொம்பளைங்களுக்கு சிங்களம் தெரியாது, அம்மாச்சிக்குத்தான் தெரியும், இவங்க மெதுவா தமிழ்ல சொல்லச் சொல்ல எல்லாரும் முந்தானைய வாயில வச்சு அழுவாங்களாம். ஜப்பான் கதை, சிங்களத்துல பேசி, எங்க அம்மாச்சி வாயால தமிழாகி வாட்டில் காட்டுக்கு வந்திருக்கு. நான் போன வருஷம்தான் ஓஷின தேடிப் புடிச்சு பாக்க ஆரம்பிச்சேன். பனில அந்தக் குழந்தைய தெப்பத்துல ஏத்தி விடுற எடத்துல நிறுத்திட்டேன், அம்மாச்சி இல்லாம அதத் தாண்டி பாக்க முடியல.

தாண்டிக்குடி காப்பி எழுதியது:

நான் 2001ல பொறந்தவன். இதெல்லாம் படிக்க ரொம்ப நல்லா இருக்கு, ஆனா பழைய தொடர்னாலே எல்லாரும் டிடியோட நிறுத்திடுறீங்க. 90ஸ்ல நம்ம தமிழ்லயே வந்தத பத்தியும் பேசணும். லாக்டவுன்ல டிவில ராமாயணம் மறுபடி போட்டப்ப தாத்தா அத பாத்துட்டு இருந்தாரு, நான் ஃபோன்ல மர்மதேசம் விடாது கருப்பு ஆரம்பிச்சேன். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்‌ஷன், பாலசந்தர் சாரோட மின்பிம்பங்கள் கம்பெனி தயாரிப்பு. மூணாவது எபிசோட்ல தாத்தா ராமாயணத்த விட்டுட்டு என் பக்கம் வந்து உக்காந்துட்டாரு.

எங்க காப்பித் தோட்டத்து எல்லைலயே கருப்பசாமி இருக்காரு, குதிரையோட. அதனால அது டிவி கதை மாதிரி தெரியல. ராத்திரி குதிரைக் குளம்பு சத்தம் வர்ற எடத்துல தாத்தா ஃபோன நிறுத்தச் சொல்லிட்டு வெளிய காது கொடுத்து கேட்டாரு, நெஜமா சொல்றேன். மறுநாள் காலைல தோட்டத்துக்கு போறப்ப அங்க செருப்ப கழட்டி வச்சு நின்னுட்டுத்தான் உள்ள போனாரு. இன்னைக்கு வர்ற தொடர் எல்லாம் ஒரு பார்வைய மூணு தடவ திருப்பித் திருப்பி காட்டுது, அதுல நம்ம மண்ணு, நம்ம சாமி, நம்ம பயம் எல்லாம் இருந்துச்சு. பாக்காதவங்க கண்டிப்பா பாருங்க, ஆனா மர்மதேசத்தோட முதல் கதை 'ரகசியம்', அத முதல்ல பாத்துட்டு அப்பறம் விடாது கருப்புக்கு வாங்க.

பழைய சாலிடேர் எழுதியது:

தம்பி சொல்றது சரிதான். விடாது கருப்பு வாரம் ஒரு நாள்தான் வரும், அந்த நாள்ல கரண்ட் போயிட்டா அடுத்த வாரம் வரைக்கும் யாரு அந்தக் கருப்புன்னு ஊரே பேசும். இப்ப ஒரே மூச்சுல பாக்கலாம், ஆனா நடுவுல ஒரு ஆறு நாள் விட்டுப் பாருங்க, அதுதான் அந்தத் தொடர பாக்குற மொறை.

பூண்டுக்காடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் போட்டுக் காட்டுனேன். ரூபவாஹினியான்னும் கேட்டேன், இல்ல இந்திதான்னு உறுதியா சொல்லிட்டாரு, பஞ்சாயத்து டிவில வேற சேனலே இல்லையாம்.

ராகம் ஆரம்பிச்சதும் சிரிச்சாரு. நான் நடுவுல நடுவுல நிறுத்தி, சாலிடேர் அண்ணன் எழுதுனத வச்சு தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். தந்திய கைல வாங்கி வச்சுக்கிட்டு கொடுக்காம இருக்கார்னு சொன்னதும் அப்பா ஃபோன வாங்கி மடில கவுத்து வச்சுட்டாரு. "வேணும்னேவா வச்சிருந்தான்?"னு கேட்டாரு. ஆமாப்பான்னேன். ரொம்ப நேரம் கனலயே கிளறிக்கிட்டு இருந்தாரு.

அப்பறம் ஒண்ணு சொன்னாரு, இது வரைக்கும் அம்மாகிட்ட கூட சொன்னதில்லையாம். 1991 வைகாசில பக்கத்து ஊர்ல ஒரு கல்யாண வீட்டுக்கு தந்தி. கொடைக்கானல்ல இருந்து வந்தது, மாப்பிள்ளையோட பெரியப்பா தவறிட்டாருன்னு. அப்பா போயி சேர்றப்ப பந்தல்ல மேளம் வாசிச்சிட்டு இருக்காங்க, பொண்ணு அலங்காரம் பண்ணி உள்ள உக்காந்திருக்கு, தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல. அவரு வாசல்ல வேலி ஓரமா கொஞ்ச நேரம் நின்னிருக்காரு. பைக்குள்ளயே வச்சுட்டா என்னன்னு ஒரு நிமிஷம் தோணுச்சாம். அந்த டிவி தபால்காரன் தொலைச்சுட்டு தலைகுனிஞ்சு நின்னது ஞாபகம் வந்துச்சாம், நாமளும் அப்படி நிக்கக் கூடாதுன்னு நேரா போயி கைல கொடுத்துட்டாரு. மேளம் நின்னுச்சு. கல்யாணமும் நின்னுச்சு, அந்த மாப்பிள்ளை வீடு திரும்ப வரவே இல்ல.

"அந்த கதை எனக்கு புரிஞ்சிருந்தா ஒரு மணி நேரம் கழிச்சு கொடுத்திருப்பேன்ல"ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்க உங்க வேலையத்தானப்பா செஞ்சீங்கன்னு சொன்னேன், அது அவரு காதுல ஏறுன மாதிரி தெரியல. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வேற எடத்துல கல்யாணம் ஆச்சாம், நல்லாத்தான் இருக்காங்களாம், குழந்தை வேலப்பர் தேருக்கு வர்றப்ப பாத்தா அண்ணேன்னு கூப்பிட்டு பேசுவாங்களாம். இவருதான் அவங்க மொகத்த நேரா பாத்ததில்ல.

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி அந்த கடைசிக் காட்சிய மட்டும் இன்னொரு தடவ போடச் சொன்னாரு. அந்த வீட்டுக்காரர் புகார் கொடுக்க மாட்டேன்னு சொல்ற எடத்த.

இன்னைக்கு காலைல எழுந்ததும் அதே ஊரு கதை வேற இருக்கான்னு கேட்டாரு. கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருக்கிற எபிசோடு எதுன்னு யாராவது சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள சொன்னா நல்லது.

பழைய சாலிடேர் எழுதியது:

'எஞ்சின் ட்ரபிள்'னு தேடுங்க தங்கச்சி. கண்காட்சில சீட்டு வாங்குன ஒருத்தருக்கு ரோடு போடுற எஞ்சின் பரிசா விழுந்துடும், அத நிறுத்த எடமும் இல்லாம, ஓட்ட ஆளும் இல்லாம அவரு படுற பாடு. அதுக்கு பாஷையே வேண்டாம், நீங்க நிறுத்தி நிறுத்தி சொல்லாம அப்படியே ஓட விடுங்க. அப்பாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க.