இலை, மணல் அனிமேஷன்: இலை சுருள்கிறது, ஒளி துடிக்கிறது

கேள்வி:
பச்சை இலைகளையும் மணலையும் கண்ணாடிமேல் நகர்த்தி, ஓடும் ஒரு நொடிக்கு 12 படம் வீதம் எடுத்து, கணினியில் வரைந்த உருவத்தோடு இணைக்கிறேன். சில மணி நேரத்தில் இலை சுருண்டுவிடுகிறது. ஓட்டிப் பார்த்தால் வெளிச்சமும் துடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஈரம் போவதால்தான் சுருள்கிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, இலைகளை முழுக்க மூழ்கவைத்து நாலைந்து நாள் விடுங்கள். துடைத்து எடுத்தால் வளையும், உடையாது. பச்சை கொஞ்சம் கருக்கும். அதனால் எல்லா இலைகளையும் ஒரே சமயத்தில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் காட்சி நடுவே நிறம் தாவும். சூடேறும் விளக்கு வேண்டாம், எல்ஈடி போதும்.

பதில் 2:
கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் தானாக மாறாதபடி மேனுவலில் பூட்டுங்கள். அப்படியும் துடித்தால் காரணம் லென்ஸில் ஒளி நுழையும் துளை. ஒவ்வொரு படத்துக்கும் அது மூடித் திறக்கும்போது இம்மியளவு மாறும். துளை வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் அது தீரும். ஜன்னலை மூடுங்கள், நீங்கள் போடும் வெள்ளைச் சட்டைகூட ஒளியைத் திருப்பி அடிக்கும்.

பதில் 3:
பின்னணியைக் கணினியில் நீக்கப் பச்சைத் திரை மட்டும் வைக்காதீர்கள், பச்சை நிறத்தை நீக்கும்போது இலையும் சேர்ந்து அழிந்துவிடும். மணலுக்குக் கண்ணாடியின் அடியிலிருந்து வெள்ளை ஒளி கொடுத்து, அந்த லேயரை (பட அடுக்கை) கணினி உருவத்துக்கு மேலே வைத்து மல்டிப்ளை செய்யுங்கள், வெள்ளை மறைந்து மணல் மட்டும் தெரியும். கணினி உருவமும் நொடிக்கு 12 ஆகவே இருக்கட்டும். அது 24இல் ஓடினால் மணலோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும்.