கலைச்சொல்: வம்சாவளி மென்பொருளில் ‘நாட் ரிலேட்டட்’ என்பதற்கு ‘உறவுவழி கிடைக்காதவர்’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் உள்ள ‘நாட் ரிலேட்டட்’ கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தொடங்கிய இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘அந்நியர்’ என்றே போட்டுவிடலாமே. சுருக்கம், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தரவுத்தளத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அதை ஓடவிட்டால், அவருடைய பெற்றோர், துணை, பிள்ளைகள் என்று தொடங்கும். அப்புறம் அவர்கள் ஒவ்வொருவருடைய பெற்றோர், துணை, பிள்ளைகள். இப்படியே போய், இனிப் போக ஆளில்லை என்றதும் நின்றுவிடும். அதுவரை கால்படாத ஆட்களைப் பட்டியலாகக் காட்டும். அவ்வளவுதான். இரத்தமா சம்பந்தமா என்று அது கேட்பதில்லை. எத்தனை தலைமுறை தள்ளி என்றும் கேட்பதில்லை. உங்கள் சித்தப்பா மருமகளுடைய அண்ணனின் மாமியார்கூட அதன் கணக்கில் உங்களோடு சேர்ந்தவர். ஆகவே ‘இரத்த உறவற்றோர்’ என்ற பரிந்துரையை இங்கேயே விட்டுவிடலாம். அது வேறொரு வடிகட்டிக்கு, பொது மூதாதை உள்ளவர்களைத் தேடும் வடிகட்டிக்கு, பொருந்தும்.

‘அந்நியர்’ ஏன் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் போனவர்களின் முதல் கப்பல் அது. அப்படிப் போனவர்களுக்கான கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று டர்பனில் குடும்ப வரலாறு தேடும் ஒருவர் என்ன செய்வார்? தன் பாட்டனுக்குப் பாட்டனின் எண்ணைக் கண்டுபிடிப்பார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களில் அதே ஊர்ப் பெயர் தெரிந்தால் அந்த ஆட்களையும் தரவுத்தளத்தில் ஏற்றிவைப்பார். பக்கத்துப் பக்கத்து எண், ஒரே ஊர் என்றால் அண்ணன் தம்பியாக இருக்கலாம், மாமன் மச்சானாக இருக்கலாம், ஒரே தெருவாக மட்டும் இருக்கலாம். எழுத்தர் தகப்பன் பெயரை ஆளுக்கு ஒரு விதமாகக் காதில் வாங்கி ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், உடன்பிறந்தவர்கள்கூட வெவ்வேறு தகப்பனின் பிள்ளைகளாகத் தெரிவார்கள். குடும்பப் பெயரும் அங்கே உதவாது. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகி, முதலியார் ‘மூட்லி’ ஆகி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ வீடுகளுக்குப் பொதுவாகிவிட்டன.

இந்தத் தரவுத்தளத்தில் கருவியை ஓடவிட்டால், அந்தக் கப்பல் ஆட்கள் எல்லோரும் பட்டியலில் வந்து நிற்பார்கள். தேடுகிற மனிதர் அடுத்து உட்கார்ந்து பார்க்க வேண்டியது அவர்களைத்தான். அந்த இடத்தில் திரை ‘அந்நியர்’ என்று சொன்னால், பட்டியலை மொத்தமாக அழித்துவிடலாம் என்ற எண்ணத்தை நாமே கொடுத்ததாகிவிடும். ஒரு குடும்பத்தின் தேடல் நம் மொழிபெயர்ப்பால் நின்றுபோகக் கூடாது.

> சங்கத் தமிழில் ‘ஏதிலார்’ இருக்கிறதே. அயலார் என்ற பொருளில் குறளிலும் வருகிறது.

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஈழத்து வழக்கில் ‘ஏதிலி’ என்றால் அகதி. இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் இந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இருப்பார்கள். சிதறிப்போன குடும்பத்தைத் திரும்பக் கோர்க்கத்தான் அவர்களில் பலர் இதைத் திறப்பார்கள். அவர்கள் முன் பெரியப்பா பெயரை ‘ஏதிலார்’ என்ற தலைப்பின்கீழ் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

> ‘கிளை சேராதவர்’ என்பது என் பரிந்துரை. கிளை என்றால் சுற்றம், மரத்தின் கிளை, இரண்டும் பொருந்தும்.

இந்த இழையில் வந்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். கிளைஞர் என்றால் சுற்றத்தார். ‘சேராதவர்’ என்பதில் இனிமேல் சேரலாம் என்ற தொனியும் இருக்கிறது. ஆனாலும் இராமநாதபுரத்து நண்பர் எழுப்பிய தடையைத் தாண்ட முடியவில்லை. கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. பிள்ளைக்கு அம்மாவின் கிளை. ஒரே கிளைக்குள் பெண் எடுக்க மாட்டார்கள், ஆகவே அம்மாவும் அப்பாவும் வேறு வேறு கிளை. அந்த வீட்டில் ஒரு பையன் இந்தக் கருவியைத் திறந்து ‘கிளை சேராதவர்’ என்று படித்தால், பெற்ற அப்பாவே அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்றுதான் பொருள்படும்.

இதே சிக்கல் ‘உறவில்லாதவர்’ என்ற நேரடிச் சொல்லுக்கும் உண்டு. கொங்கு வேளாளரில் ஒரே கூட்டத்தை, அதாவது குலப்பிரிவை, சேர்ந்த இருவர், எந்தப் பாட்டனில் சேர்கிறார்கள் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பங்காளிகளே. அந்துவன் கூட்டம் என்றால் எந்த ஊராக இருந்தாலும் அந்துவன் கூட்டம்தான். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. தரவுத்தளத்தில் அந்தப் பொதுப் பாட்டன் இல்லை, அதனால் கருவி அவர்களைப் பிரித்து வைக்கும். அதில் தவறில்லை. ‘உறவில்லாதவர்’ என்று நாம் எழுதினால், ஊரறிந்த உறவை மென்பொருள் மறுப்பதுபோல் ஆகிவிடும்.

‘தொடர்பற்றவர்’, ‘இணைப்பில்லாதவர்’ இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பேச்சுவார்த்தை இல்லாமல் போன உறவைக் குறிக்கும். இரண்டாவதைப் படித்தால் இணையம் அறுந்துபோனதுபோல் இருக்கிறது.

சரி, என் பரிந்துரை. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், நம் பெரியவர்கள் கேட்கும் கேள்வி: “நீங்க எந்த வழியில சொந்தம்?” அப்பா வழி, அம்மா வழி, மாமியார் வழி என்று பதில் வரும். கருவி கேட்பதும் இதே கேள்விதான். ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்குக் குடும்பத் தொடுப்புகள் மூலம் போக வழி இருக்கிறதா? கணினி அறிவியலிலும் இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ளதைப் பாதை, வழி என்றுதான் எழுதுகிறோம். ஆகவே:

உறவுவழி: இருவருக்கு இடையே பெற்றோர், துணை, பிள்ளை என்ற தொடுப்புகளால் ஆன தொடர்.
உறவுவழி கிடைக்காதவர்: தேர்ந்தெடுத்த ஆளிலிருந்து அப்படி ஒரு தொடர் தரவுத்தளத்தில் இல்லாதவர்.

‘அறியாதவர்’, ‘தெரியாதவர்’ என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. ‘வழி தெரியாதவர்’ என்றால் வழி யாருக்குத் தெரியாது என்ற குழப்பம் வரும். ‘கிடைக்காதவர்’ என்றால் தேடியும் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான். நாளைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையோ பழைய கிரயப் பத்திரமோ கையில் வந்தால் கிடைத்துவிடலாம்.

இந்தப் பட்டியல் வேறொரு வேலைக்கும் உதவும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நம் தரவுகளில் ஒரே ஆள் இரண்டு பதிவாக இருப்பது சகஜம். ஒரு கோப்பில் ‘மு. கந்தசாமி’, இன்னொருவர் அனுப்பிய ஜெட்காம் (வம்சாவளித் தரவைப் பரிமாறும் வடிவம்) கோப்பில் ‘கந்தசாமி முத்தையா’. இறக்குமதி செய்ததும் முதல் கந்தசாமி குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டாமவர், தன் மனைவி மக்களோடு, தனியாக ஒதுங்கி நிற்கிறார். இனிஷியலைத் தகப்பன் பெயராக விரித்துப் பார்த்து, இருவரும் ஒருவரே என்று தெரிந்து, பதிவுகளை ஒன்றாக்கினால், பட்டியலிலிருந்து ஒரு குடும்பமே மொத்தமாக இந்தப் பக்கம் வந்துவிடும். இப்படி ஒரு கோப்பைச் சரிசெய்யும்போது கிடைக்கும் நிறைவு, செய்தவர்களுக்குத் தெரியும்.

> கல்யாணச் சாட்சி, ஞானப்பெற்றோர் எல்லாம்?

ஜெட்காமில் குடும்பப் பதிவு என்பது கணவன், மனைவி, பிள்ளை ஆகியோரைச் சுட்டுவது. சாட்சிகளையும் ஞானப்பெற்றோரையும் குறிக்க வேறு வகைத் தொடுப்பு இருக்கிறது. அதைத் ‘துணைத்தொடுப்பு’ எனலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் ‘துணை’ ஏற்கெனவே வாழ்க்கைத்துணைக்குப் போய்விட்டது. இதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளோடு பழகியவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

இடைமுகத்தில் எப்படி வரும்? பட்டியலில் (மெனு) ‘உறவுவழி கிடைக்காதவர்கள்’. பதிவில் ஒட்டும் குறிச்சொல் ‘உறவுவழி கிடைக்கவில்லை’. குறிச்சொல்லை ஆளின் பெயராக வைக்காமல் நிலையாக வைத்திருக்கிறேன். அது அந்தப் பதிவின் இன்றைய நிலையைத்தான் சொல்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. எல்லோருக்கும் வழி கிடைத்துவிட்டால் காட்டும் செய்தியில், ஆளின் பெயர் நடுவில் தானாக வந்து விழும். அங்கே வேற்றுமை உருபை நேரடியாக ஒட்டினால் ‘முருகன்க்கு’, ‘செல்வம்க்கு’ என்று வந்து அசிங்கமாக இருக்கும். “தரவுத்தளத்தில் உள்ள எல்லோருக்கும் முருகன் என்பவருடன் உறவுவழி உண்டு” என்று ‘என்பவருடன்’ போட்டுவிட்டால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். எண்ணிக்கையையும் கடைசியில் வைத்து, “உறவுவழி கிடைக்காதவர்: 14” என்பதுபோல் எழுதினால் ஒருமை பன்மைத் தொல்லை இல்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாகக் ‘கிளை’யை முன்மொழிந்த ஐயா, உங்கள் பகுதி வழக்கில் ‘வழி’ என்பதற்கு வேறு ஏதாவது பொருள் உண்டா என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து